கைது செய்தவர் ஒருவர், கேள்வி கேட்டவர் வேறொருவர்

நாகர்கோவிலில் பிறந்து இங்கேயே டி.வி.டி. பள்ளியில் படித்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994 நவம்பர் 30 அன்று கைது செய்தது கேரள போலீஸ். கைதுக் காகிதம் அவர்களுடையது, காவலும் அவர்களுடையது. ஆனால் உள்ளே அவரைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டவர்கள் ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய உளவுத்துறை ஆட்கள். சுமத்திய குற்றமே விசித்திரமானது: மிகக் குளிர்ந்த எரிபொருளில் ராக்கெட்டை இயக்கும் கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை, இந்தியாவிடம் அப்போது இல்லவே இல்லாத ஒன்றை, வெளிநாட்டுக்கு விற்றார் என்பது. 50 நாள் சிறையில் இருந்தார். வழக்கை ஏற்றுக்கொண்ட சி.பி.ஐ., உளவு எதுவும் நடக்கவில்லை என்று 1996-ல் அறிக்கை தந்தது. எர்ணாகுளம் நீதிமன்றம் அதை ஏற்றது.

அதே ஆண்டு சி.பி.ஐ. கேரள அரசுக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பியது. போலீஸ் விசாரணைக் குழுவுக்குப் பொறுப்பானவர், விசாரணை முழுவதையும் ஐ.பி.யிடம் விட்டுவிட்டுத் தன் கடமையைக் கைவிட்டார் என்ற பொருளில் அதில் ஒரு வரி உண்டு. இந்தியாவில் உளவு அமைப்புகள் சட்டத்தை மீறும்போது அது எப்படி நடக்கிறது, பிறகு ஏன் யாரும் பிடிபடுவதில்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும். வேலையைச் செய்கிற கை ஒன்று. கையெழுத்துப் போடுகிற கை இன்னொன்று. நாளைக்கு வழக்கு வந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் கூண்டில் நிற்பார். சில நேரம் அவரும் நிற்கமாட்டார்.

ஐ.பி.க்குச் சட்டம் கிடையாது

1887-ல் ஆங்கிலேயர் தொடங்கிய அமைப்பு ஐ.பி. 1968-ல் அதிலிருந்து வெளிநாட்டு வேலை மட்டும் பிரிந்து 'ரா' ஆனது. இன்றுவரை இந்த இரண்டுக்கும் 'இன்னது செய்யலாம், இன்னது கூடாது' என்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 8-வது இனத்தில் 'மத்திய உளவு மற்றும் புலனாய்வுப் பணியகம்' என்ற சொற்கள் இருக்கின்றன. அவ்வளவுதான். 1985-ல் ஒரு சட்டம் வந்தது. அது ஊழியர்கள் சங்கம் சேரக்கூடாது, பத்திரிகைக்குப் பேசக்கூடாது என்று அவர்களைக் கட்டுப்படுத்துவது. அமைப்பைக் கட்டுப்படுத்துவது அல்ல. நாடாளுமன்ற மேற்பார்வை வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.

சட்டம் இல்லை என்பதால் கைது அதிகாரமும் இல்லை, சம்மன் அனுப்பும் அதிகாரமும் இல்லை. அதனால்தான் எப்போதும் உள்ளூர் போலீஸின் கை தேவைப்படுகிறது. இதைக் குறை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ரகசிய வேலை ஒரு சாதாரண அலுவலகத்தைத் தொட்டே ஆக வேண்டிய இடம் இதுதான்: காவல் நிலையம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம், டெலிகாம் நிறுவனம், உள்துறைச் செயலர் மேஜை. கணக்குக் கேட்க முடிகிற இடங்களும் இவையே. வேறு இடத்தில் தேடினால் கிடைப்பது 'தகவல் தர இயலாது' என்ற ஒற்றை வரிக் கடிதம்.

நம் குமரி மாவட்டத்தில் 'சி.ஐ.டி. வந்து விசாரிச்சிட்டுப் போனாங்க' என்றால் அது குறைந்தது நான்கு அலுவலகங்களில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, எஸ்.பி.யின் கீழுள்ள மாவட்ட ஸ்பெஷல் பிராஞ்ச்; பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு வருகிறவர்களும் பொதுக்கூட்டத்தில் ஓரமாக நின்று குறிப்பெடுப்பவர்களும் இவர்களே. இரண்டாவது, சென்னைத் தலைமையின் கீழ் இயங்கும் மாநில உளவுப் பிரிவான எஸ்.பி.சி.ஐ.டி. மூன்றாவது, தீவிரவாதம், இலங்கை விவகாரம் பார்க்கும் க்யூ பிராஞ்ச். கடற்கரை ஊர்களில் அதிகம் கேட்கிற பெயர் இது. நான்காவதுதான் ஐ.பி. முதல் மூன்றும் தமிழ்நாடு காவல்துறை. அவர்களுக்குச் சட்டம் உண்டு, நிலையத்தில் நடப்பதை நேரத்தோடு எழுதும் பொது நாட்குறிப்பு உண்டு, சஸ்பெண்ட் செய்ய மேலதிகாரி உண்டு. வந்தவர் எந்த அலுவலகம் என்று தெரியாமல் எழுதும் புகார் முதல் மேஜையிலேயே நின்றுவிடும். பெயர், பதவி, அலுவலகம் மூன்றையும் அடையாள அட்டையிலிருந்து குறித்துக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது.

உளவு வேலையே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டது ஊருக்கே தெரியும். அந்த வேலையை யார் செய்தார், எந்த உத்தரவில் செய்தார் என்று பின்னால் கேட்க முடியவேண்டும் என்பதுதான் பேச்சு.

போன் ஒட்டுக்கேட்பு: காகிதம் போகும் வழி

1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், தொலைபேசி ஒட்டுக்கேட்பு தனிமனித உரிமையில் கைவைப்பது என்று சொல்லி வழிமுறை வகுத்தது. 2007-ல் அது தந்தி விதி 419ஏ ஆனது. இப்போது நடப்பில் இருப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-வது பிரிவும் 2024 டிசம்பரில் வந்த இடைமறிப்பு விதிகளும்.

உத்தரவு போடக்கூடியவர் மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர். தவிர்க்க முடியாத நிலையில் இணைச் செயலர் நிலை அதிகாரி. 'பொது அவசரநிலை' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' இரண்டில் ஒன்று இருக்கவேண்டும்; காரணத்தை எழுதவேண்டும்; வேறு வழியில் தகவல் பெற முடியாதா என்று யோசித்திருக்கவேண்டும். அவசரம் என்றால் அமைப்பின் தலைவரோ அடுத்த நிலையில் இருப்பவரோ தாங்களே தொடங்கலாம், மாநிலத்தில் ஐ.ஜி. நிலைக்குக் குறையக்கூடாது. 3 வேலை நாளில் செயலருக்குத் தெரிவிக்கவேண்டும். 7 வேலை நாளில் ஒப்புதல் வராவிட்டால் நிறுத்தவேண்டும், பதிவானதை அழிக்கவேண்டும். உத்தரவின் ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளுக்கு மேல் போகக்கூடாது.

டெலிகாம் நிறுவனத்துக்கும் ஒரு கடமை வைத்தார்கள். வந்த உத்தரவுகளின் பட்டியலை 15 நாளுக்கு ஒருமுறை அந்தந்த அமைப்புக்குத் திருப்பி அனுப்பி, 'இவை நீங்கள் அனுப்பியவைதானா' என்று உறுதி கேட்கவேண்டும். அற்பமாகத் தெரியும் இந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2005-06-ல் அரசியல்வாதி அமர் சிங்கின் போனை ஒட்டுக்கேட்கச் சொல்லித் தனியார் நிறுவனத்துக்கு வந்த கடிதம் போலி. எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதம். அரசுக் கடிதம் இப்படியா இருக்கும் என்று யாரும் நிமிர்ந்து கேட்கவில்லை; இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள். சரிபார்த்திருக்க வேண்டாமா என்று 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கடிந்துகொண்டது.

பேச்சைக் கேட்பது ஒன்று. யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த டவரிலிருந்து பேசினார் என்ற பட்டியலை வாங்குவது இன்னொன்று. பட்டியலுக்கு உள்துறைச் செயலர் தேவையில்லை, போலீஸ் உயரதிகாரியின் கோரிக்கை போதும். நிறுவனங்கள் அதை 2 ஆண்டாவது வைத்திருக்கவேண்டும். மாவட்ட அளவில் முறைகேடு நடப்பது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் இது மலிவு, சத்தமில்லாதது. 2013-ல் டெல்லியில் ஒரு சாதாரண காவலர், உதவி ஆணையரின் அலுவலக மின்னஞ்சலில் புகுந்து, அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலைக் கேட்டு அனுப்பினார். ஜேட்லிக்கே அந்த நிலை என்றால் குளச்சலில் வலை இழுக்கிறவரின் பட்டியலை யார் கேட்டார் என்று யார் பார்க்கப்போகிறார்?

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. எங்கே ஓட்டை?

முதலாவது, ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் முறைப்படி வந்தவையா என்று பார்க்கும் மறுஆய்வுக் குழு. மத்தியில் அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர். எல்லோரும் அரசு அதிகாரிகள், நீதிபதி ஒருவரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வரை பார்க்கவேண்டிய நடக்காத வேலை மத்தியக் குழுவுக்கு இருக்கிறது என்று 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. ஒரு உத்தரவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 250 மணி நேரம். தினம் 8 மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். அந்த மூவருக்கும் வேறு வேலைகளும் உண்டு.

இரண்டாவது, ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு எந்தக் காலத்திலும் தெரிவிப்பதில்லை. தேவையில்லாத பதிவுகளை 6 மாதத்துக்கு ஒருமுறை அழிக்கவேண்டும் என்பது விதி. தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காக்க வந்த நல்ல விதிதான். ஆனால் முறைகேடு நடந்திருந்தால் அதன் சாட்சியும் அதே நெருப்பில் போகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டும் பயனில்லை. ஒட்டுக்கேட்பு பற்றிய தகவல் விலக்குப் பெற்றது என்று 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது, மத்தியக் கண்காணிப்பு அமைப்பு. அரசே நேரடியாக வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நிறுவனத்தின் பொறுப்பதிகாரி இடையில் இருக்கவேண்டியதில்லை. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சந்தேகப்படக்கூடிய அந்த ஒரு மனிதரும் போய்விட்டார். வேகத்துக்காகச் செய்ததாகச் சொல்கிறார்கள். இருந்த கொஞ்சக் கணக்கையும் இது குறைத்தது என்பதே சரி.

நான்காவது, முறைதவறி எடுத்த பதிவும் சாட்சியாக ஏற்கப்படுவது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் 2005 தீர்ப்பு உட்பட உச்ச நீதிமன்றம் நீண்டகாலமாகச் சொல்லிவருவது, பொருத்தமான சாட்சி என்றால் எப்படி வந்தது என்பதற்காக அதை ஒதுக்கவேண்டியதில்லை என்று. விதியை மீறுகிறவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்றாகிறது. இதில் சமீபத்தில் ஒரு திருப்பம் வந்தது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம், 2011-ல் போட்ட ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவது 'பொதுப் பாதுகாப்பு' ஆகாது. மறுஆய்வுக் குழு முன் வைக்காததும் மீறல். கிடைத்த பதிவைப் பயன்படுத்தவும் கூடாது என்றது. சில நாட்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது. குமரி மாவட்ட நீதிமன்றங்கள் பார்க்கவேண்டியது சென்னைத் தீர்ப்பை.

'சும்மா ஒரு என்கொயரிதான்'

ஒட்டுக்கேட்பை விட அதிகம் நடப்பது இது. 'ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க, அஞ்சு நிமிஷ வேலை.' போனில் சொல்வார்கள், எழுதித் தரமாட்டார்கள். எழுதித் தந்தால் கையெழுத்து வரும்.

சாட்சியாகக் கூப்பிட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 179-வது பிரிவு எழுத்துமூல உத்தரவு கேட்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் கீழுள்ள, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை வீட்டில்தான் விசாரிக்கவேண்டும். சந்தேகத்துக்குரியவராகக் கூப்பிட அதே சட்டத்தின் 35(3) நோட்டீஸ். இரண்டையும் தரும் அதிகாரம் போலீஸுக்கு மட்டுமே. ஐ.பி. ஆள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது நம் விருப்பம். போலீஸ் காவலுக்குள் போய்விட்டால் அந்த விருப்பம் காகிதத்தோடு நின்றுவிடும். அங்கே நடப்பதற்குக் 'கூட்டு விசாரணை' என்று பெயர்.

இங்குதான் பலரும் மறந்துவிட்ட ஒரு தீர்ப்பு உதவுகிறது. போன் தீர்ப்பு வந்த அதே 1996 டிசம்பர் 18 அன்று வேறொரு அமர்வு டி.கே. பாசு வழக்கில் கைதுக்கான 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதில் வந்தவை. முதல் கட்டளையைப் பாருங்கள்: விசாரிக்கிறவர்கள் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்கவேண்டும், விசாரணையில் பங்கெடுத்த ஒவ்வொருவரின் விவரமும் ஒரு பதிவேட்டில் எழுதப்படவேண்டும். இந்தக் கட்டளைகள் போலீஸுக்கு மட்டுமல்ல என்று சொல்லி அந்தத் தீர்ப்பு ஐ.பி., ரா இரண்டையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது.

ஆகவே ஜாமீன் மனுவோடு வக்கீல் கேட்கவேண்டியது அந்தப் பதிவேட்டை. போலீஸ் காவல் கேட்டு மனு வரும்போதே, 'யார் யார் விசாரிக்கப்போகிறார்கள் என்பதை உத்தரவில் எழுதுங்கள்' என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று உறுதியில்லை. கேட்ட மனுவும் மறுத்த உத்தரவும் வழக்குக் கோப்பில் ஏறிவிடும், பத்து ஆண்டு கழித்தும் அங்கேயே இருக்கும்.

சிசிடிவி அடுத்தது. 2020 டிசம்பர் 2 தீர்ப்பில் எல்லாக் காவல் நிலையங்களிலும், சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை போன்ற அலுவலகங்களிலும் கேமரா வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதிவு 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது இருக்கவேண்டும். விசாரிக்கும் அதிகாரமும் கைது அதிகாரமும் உள்ள அமைப்புகள் என்பதே அளவுகோல். பட்டியலில் ஐ.பி. பெயர் இல்லை. கைது அதிகாரம் இல்லை என்பது இங்கே அவர்களுக்குக் கவசமாகிவிட்டது! எனவே கேமரா இருக்கும் இடம் காவல் நிலையம்தான். அதையும் நம்பி உட்கார முடியாது. அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் நிலையத்தில் விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கண்டது, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக இடமிருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைப்பை மாற்றி வைத்திருந்ததை. பதிவு வேண்டும் என்று தேதி, நேரம் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுவதை மறுநாளே செய்யவேண்டும். ஒரு மாதம் கழித்து எழுதினால் பழுதாகிவிட்டது என்ற பதில்தான் வரும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். 24 மணி நேரத்துக்குள் அங்கேயே நீதிபதி முன் நிறுத்திவிடலாம் என்பதால், இங்குள்ள மாஜிஸ்திரேட்டைப் பார்க்காமலே கேரள போலீஸ் ஆளைக் கொண்டுபோய்விட முடியும். வெளிமாநிலப் போலீஸ் உள்ளூர் நிலையத்தில் தெரிவிப்பது நடைமுறை. அந்த நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிய நேரமும், அங்கே காட்டப்படும் கைது நேரமும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இடையில் காணாமல்போன மணி நேரங்களில்தான் எல்லாம் நடக்கும்.

புகார் எங்கே

மனித உரிமை ஆணையம் என்றதும் எல்லோரும் சென்னைக்கு எழுதுகிறார்கள். புகார் ஐ.பி. மீது என்றால் அது தவறான முகவரி. மாநில ஆணையம் பார்க்கக்கூடியது மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ளவற்றை, ஐ.பி. மத்தியப் பட்டியல். டெல்லியிலுள்ள தேசிய ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். இதில் ஒரு பொறி உண்டு: மாநில ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் தொடாது. போலீஸும் ஐ.பி.யும் சேர்ந்து செய்ததை முதலில் சென்னையில் போட்டுவிட்டால் டெல்லிக் கதவு அடைபடும். அதோடு, சம்பவம் நடந்து ஓராண்டு கழிந்தால் இரண்டு ஆணையமும் விசாரிக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ஐ.பி.யையும் ராவையும் விலக்கி வைக்கிறது. மாநில அரசும் தன் உளவுப் பிரிவுகளை அப்படி விலக்கலாம். ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்குப் பொருந்தாது. ஐ.பி.யிடம் மனித உரிமை மீறல் பற்றிக் கேட்டால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தரவேண்டும். 'என்னைக் கண்காணிக்கிறீர்களா' என்று கேட்டால் நிராகரிப்பு நிச்சயம். 'இன்ன தேதியில் இன்ன நிலையத்தில் இன்னார் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டதில் உங்கள் அலுவலர் பங்கு' என்று மீறலைப் பெயர் சொல்லிக் கேட்டால் விலக்குக்குள் தள்ளுவது அவர்களுக்குக் கடினம்.

மாவட்டக் காவல் புகார் ஆணையத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2013 தமிழ்நாடு சட்டப்படி அதன் தலைவர் கலெக்டர். ஓய்வுபெற்ற நீதிபதி இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னதற்கும் இதற்கும் வெகுதூரம். ரிட் மனு என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. செலவு அதிகம், ஆனால் பதிவேட்டையும் சிசிடிவியையும் கொண்டுவா என்று சொல்லும் அதிகாரம் அங்கே உண்டு. அதிகாரி மீது குற்ற வழக்கு நடத்த அரசு அனுமதி வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 218-ன்படி 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். பழைய சட்டத்தில் இந்தக் கெடு கிடையாது. கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கும்.

உள்ளிருந்து ஒருவர் பேசலாமே என்றால், 2014-ல் நிறைவேறிய ஊழல் அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2021-ல் ஓய்வூதிய விதியைத் திருத்தி, உளவு அமைப்புகளில் வேலை பார்த்தவர்கள் ஓய்வுக்குப் பிறகும் அனுமதியின்றி எழுதக்கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். பிரிட்டனில் 2021-ல் வேறு வழியில் போனார்கள்: உளவாளி எந்தக் குற்றத்தைச் செய்யலாம் என்று எழுதி அனுமதி தர ஒரு சட்டமே போட்டார்கள். பயங்கரமான சட்டம் என்று அங்கே எதிர்ப்பு வந்தது. ஆனாலும் அனுமதித்தவர் பெயர் ஒரு காகிதத்தில் இருக்கிறது.

நம்பி நாராயணன் வழக்குக்கு வருவோம். 2001-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் தரச் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. அவர் தொடுத்திருந்த வேறொரு வழக்கை முடிக்க 2020-ல் 1.3 கோடி தரப்பட்டது. 2021-ல் சி.பி.ஐ. 18 பேர் மீது வழக்குப் பதிந்தது. 2024-ல் குற்றப்பத்திரிகையில் நின்றவர்கள் 5 பேர், அவர்களில் முன்னாள் ஐ.பி. அதிகாரிகளும் உண்டு. கைதுக்கும் குற்றப்பத்திரிகைக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டு. ஜெயின் குழு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. இழப்பீட்டுத் தொகை மூன்றையும் கட்டியது கேரள அரசின் கருவூலம்.